தலையில் அடிபட்ட நாயை வீட்டில் வைத்துத் தேற்றுவது எப்படி?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். நான்கு நாளுக்கு முன் வளைவில் திரும்பிய லொறி ஒன்று அவருடைய நாய் மணியைத் தட்டிவிட்டது. இரண்டு நாள் வைத்தியரிடமே வைத்து, சேலைன் ஏற்றி, மூளை வீக்கம் குறைய மருந்து போட்டு, "இனி வீட்டில் வைத்துப் பாருங்கள்" என்று அனுப்பியிருக்கிறார்கள். மணி இன்னும் எழும்பவில்லை. தலை இடப்பக்கம் சாய்ந்தே இருக்கிறது, கண்ணிரண்டும் ஊசலாடுகின்றன, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தெரிந்த மாதிரி இல்லை. லயத்தில் எல்லோரும் வேதனைப்படாமல் சாக ஊசி போட்டுவிடு என்கிறார்களாம். "அண்ணா, இது தேறுமா? நான் என்ன செய்வது?" என்பதுதான் கேள்வி.

தங்கச்சி, நான் வைத்தியன் இல்லை. ஹட்டன் பக்கம் ஒரு கால்நடை வைத்தியரிடம் 16 வருடம் உதவியாளராக இருந்தவன். மருந்தின் அளவை நான் சொல்லமாட்டேன், அது உங்கள் வைத்தியரின் வேலை. ஆனால் மருந்து முடிந்தபிறகு வரும் நாட்கள் இருக்கின்றனவே, நாயைப் புரட்டிப்போடுவது, ஊட்டுவது, இரவில் டோர்ச் அடித்துப் பார்ப்பது, அதெல்லாம் எனக்குக் கைவந்த வேலை.

முதலில் அந்தப் பெரிய கேள்வி. நாலாம் நாள் பார்வைக்கு நாய் எப்படி இருக்கிறது என்பதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். தலையில் அடிபட்டால் சேதம் இரண்டு தடவையாக வரும். லொறி தட்டிய அந்த நொடியில் வந்தது முதலாவது, அதை யாராலும் மாற்ற முடியாது. அதற்குப் பின் மணிக்கணக்கில், நாட்கணக்கில் மெதுவாக வருவது இரண்டாவது. மண்டையோடு விரிந்து கொடுக்காத எலும்பு. உள்ளே மூளை வீங்கினால் அதற்கு இடமில்லை. அழுத்தம் ஏறும், இரத்தம் போவது குறையும், ஒட்சிசன் கிடைக்காமல் இன்னும் கொஞ்சம் மூளை கெடும், அதனால் இன்னும் வீங்கும். வைத்தியசாலையில் ஒட்சிசன் வைப்பதும், மனிட்டோல் என்ற மருந்தோ செறிவான உப்புச் சேலைனோ ஏற்றுவதும் இந்த இரண்டாவது சேதத்தைத் தடுக்கத்தான். மணி அந்த ஆபத்தான முதல் 48 மணி நேரத்தைத் தாண்டி, தானாக மூச்சுவிட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறது. அது சின்ன விஷயமில்லை.

வைத்தியர்கள் இதை எண்ணிக்கையாகவே பார்ப்பார்கள். மனிதருக்கு மயக்கத்தின் ஆழத்தை அளக்க உள்ள கிளாஸ்கோ அளவுகோலை நாய்க்கு ஏற்றபடி மாற்றி, கைகால் அசைவு, கண்மணி போன்றவற்றின் அனிச்சைச் செயல், சுயநினைவு ஆகிய மூன்றுக்கும் 1 முதல் 6 வரை புள்ளி போடுவார்கள். மொத்தம் 3-ல் இருந்து 18 வரை. புள்ளி கூடக்கூட நல்லது. 2001-ல் வந்த ஓர் ஆய்வில், தலையில் அடிபட்ட 38 நாய்களைப் பார்த்ததில், 8 புள்ளி இருந்தாலே முதல் இரண்டு நாளில் பிழைக்க ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தது. மணிக்கு என்ன புள்ளி போட்டார்கள் என்று அடுத்த தடவை கேளுங்கள். அதைவிட முக்கியம், போன தடவையைவிடக் கூடியிருக்கிறதா என்று கேளுங்கள். மூளைக் காயத்தில் ஒருநாள் நிலைமை மட்டும் முழுவதையும் சொல்லாது, போகிற திசைதான் சொல்லும்.

அதனால்தான் சொல்கிறேன், ஒரு கொப்பி வாங்குங்கள். நாளைக்கு நாலு தடவை எழுதுங்கள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு (ஓய்வில் 15 முதல் 30 வரை சரி). பின்தொடையின் உள்பக்கம் விரல் வைத்தால் நாடி தெரியும், அது எத்தனை. பல் முரசை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்து, இரண்டு வினாடிக்குள் பழைய சிவப்பு வருகிறதா. டோர்ச்சைக் கண்ணுக்கு நேரே காட்டினால் இரண்டு கண்மணியும் ஒரே மாதிரிச் சுருங்குகின்றனவா. சிறுநீர் எப்போது போனது. அப்புறம் புதிதாக ஏதாவது, காது அசைந்தது, விரல் மடங்கியது, எதுவானாலும். நாளும் பொழுதும் பக்கத்தில் இருக்கும் உங்களுக்கு மாற்றம் கண்ணில் படாது. கொப்பியில் படும்.

எழுதும்போது இவற்றைக் கண்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது: ஒரு கண்மணி பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் ஆவது, இரண்டும் பெரிதாகி வெளிச்சத்துக்கு அசையாமல் நிற்பது, நேற்று கண் திறந்த நாய் இன்று எழுப்பினாலும் எழும்பாதது, மூச்சு விட்டுவிட்டு வருவது, மயக்கம் கூடக்கூட நாடி 60-க்கும் கீழே இறங்குவது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது என்பதற்கு இவை அடையாளம். வைத்தியருக்கு உடனே போன் போடுங்கள். அவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொன்னால், ஹட்டனில் இருந்தே 60 கிலோமீற்றருக்கு மேல், கினிகத்தேனை இறக்கத்தில் வளைவுக்கு மேல் வளைவு. வேன்காரரிடம் இன்றே பேசி வைப்பது நல்லது.

இனி படுக்கை. லயத்துக் காம்பராவின் சீமெந்துத் தரையில் வெறும் சாக்கைப் போட்டுப் படுக்கவைக்காதீர்கள். பழைய ஸ்பொஞ்ச் மெத்தை இருந்தால் அது, இல்லையென்றால் கழுவிய கோதுமை மா சாக்குக்குள் பழந்துணி அடைத்துத் தைத்தது. மேலே பிளாஸ்டிக் விரிப்பு, அதற்கு மேல் துவைக்கக்கூடிய பெட்சீட். தலைப்பக்கம் 15 முதல் 30 பாகை வரை உயர்ந்திருக்க வேண்டும். இதில் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். தலைக்குக் கீழே மட்டும் தலையணை வைத்தால் கழுத்து மடங்கும், கழுத்து இரத்தக் குழாயில் இரத்தம் இறங்காமல் தேங்கும், அழுத்தம் கூடத்தான் செய்யும். ஒரு பலகையின் தலைப்பக்கத்துக்குக் கீழே செங்கல் வைத்து, மெத்தையோடு முழு உடம்பும் சரிவாக இருக்கும்படி செய்யுங்கள். இதே காரணத்துக்காகக் கழுத்தில் பட்டியும் வேண்டாம், சங்கிலியும் வேண்டாம். எழுந்து நடக்கிற காலத்திலும் நெஞ்சைச் சுற்றிக் கட்டும் வார்தான்.

இரண்டில் இருந்து நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் போட வேண்டும். ஒரே பக்கம் கிடந்தால் கீழேயுள்ள நுரையீரலில் சளி தேங்கும், இடுப்பெலும்பும் முழங்கையும் புண்ணாகும். நம் ஊர் மழையில் அந்தப் புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைக்க அதிக நேரம் ஆகாது. பகலில் நீங்கள் கொழுந்தெடுக்க மலைக்குப் போனால் வீட்டில் யார் புரட்டுவது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். கண் சிமிட்டாத நாய்க்குக் கண் காய்ந்து வெள்ளை விழும். வைத்தியரிடம் கேட்டுக் கண்ணுக்கு வழவழப்புக் களிம்பு வாங்குங்கள்.

குளிருக்குப் பயந்து சிலர் நாயைக் குசினி அடுப்புப் பக்கம் கொண்டுபோய்ப் போடுவார்கள். வேண்டாம் தங்கச்சி. விறகுப் புகையில் இருமல் வரும், ஒவ்வொரு இருமலும் தலைக்குள் அழுத்தத்தை ஏற்றும். வெந்நீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றி வயிற்றுப் பக்கம் வையுங்கள், தோலில் நேரே படக்கூடாது. அசைய முடியாத நாய் சூட்டில் இருந்து விலக முடியாது, வெந்துபோகும். உடல் சூடு 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை இருந்தால் சரி. அளவுக்கு மேல் சூடாக்குவதும் மூளைக்குக் கெடுதி. தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி படியும், உங்கள் பக்கமும் விடியற்காலை நடுக்கும். எந்தக் காலமானாலும் இரவில் இஸ்தோப்பில் விடாதீர்கள். தேயிலைக்குள் சிறுத்தை நடமாட்டம் உள்ள ஊர்கள் நம்முடையவை. ஓட முடியாத நாயை விட்டுவைக்காது.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கையாலேயே ஒரு நாயைக் கொன்றிருக்கிறேன். இந்த வேலைக்கு வருவதற்கு முன், வாலிப வயதில், எங்கள் வீட்டு நாய் மேட்டில் இருந்து கானுக்குள் விழுந்து மயங்கிக் கிடந்தது. பாவம், தொண்டை காயுமே என்று சீனி போட்ட தேத்தண்ணியை வாயைத் திறந்து ஊற்றினேன். விழுங்கவில்லை. மூக்கால் கொஞ்சம் வந்தது. இரண்டாம் நாள் நெஞ்சு கரகரவென்று மூச்சு வாங்கி, மூன்றாம் நாள் போய்விட்டது. அது தலைக் காயத்தால் போகவில்லை, நான் ஊற்றிய தேத்தண்ணி நுரையீரலுக்குள் போய்த்தான் போனது என்று பல வருடம் கழித்து வைத்தியர் விளக்கியபோதுதான் புரிந்தது.

ஆகவே முதலில் விழுங்குகிறதா என்று பாருங்கள். மணியை நெஞ்சில் படுக்கிற மாதிரி நிமிர்த்தி, இரண்டு பக்கமும் சுருட்டிய சாக்கை அணைத்து வையுங்கள். தலை இயல்பான உயரத்தில், கொஞ்சம் கீழ்நோக்கி. விரலை நனைத்து நாக்கில் தடவுங்கள். நக்கி, விழுங்கி, இருமாமல் இருந்தால் அடுத்து உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர். இருமினாலோ, மூக்கால் வந்தாலோ நிறுத்திவிட்டு வைத்தியரிடம் குழாய் வைத்து ஊட்டுவது பற்றிக் கேளுங்கள். குழாயைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பட்டினி கிடப்பதைவிட அது எவ்வளவோ மேல். காயப்பட்ட மூளை ஆறுவதற்குச் சத்து வேண்டும்.

எவ்வளவு சத்து? 15 கிலோ நாய் ஒன்றுக்கு, சும்மா படுத்திருக்கவே நாளைக்கு ஏறக்குறைய 530 கலோரி தேவை. நம் வீட்டுக் கணக்கில், குழையச் சமைத்த சோறு ஒன்றரைக் கோப்பை, எலும்பில்லாத அவித்த கோழி 100 கிராம், அவித்த முட்டை ஒன்று. அதை மசித்து ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வெங்காயம் கூடாது, உப்பு, உறைப்பும் வேண்டாம். தண்ணீர், சாப்பாட்டில் உள்ளதையும் சேர்த்து, முக்கால் லீற்றரில் இருந்து ஒரு லீற்றர் வரை. தலையில் அடிபட்டால் சில நாய்களுக்கு மணம் பிடிபடாது, அதனால் சாப்பாட்டைக் கண்டும் முகத்தைத் திருப்பும். டின் மீனில் ஒரு துண்டை உப்புப் போகக் கழுவிச் சோற்றில் பிசைந்து இளஞ்சூட்டில் வைத்துப் பாருங்கள். எனக்கு இது பலதடவை கைகொடுத்திருக்கிறது. தலை சுற்றலால் குமட்டி வாந்தி வந்தால் அதற்கும் ஊசி, மாத்திரை உண்டு, வைத்தியரிடம் கேளுங்கள். சாப்பிட்டு அரைமணி நேரம் நிமிர்ந்தே இருக்கட்டும்.

சிறுநீர் 12 மணி நேரம் போகவில்லை என்றால் பை நிறைந்து கிடக்கக்கூடும். இரண்டு கையாலும் அடிவயிற்றை மெதுவாக அணைத்து அழுத்தி எடுக்கலாம். ஆனால் வைத்தியர் கையில் ஒருதடவை பார்த்துப் பழகியபிறகுதான். நனைந்த தோலை உடனே இளஞ்சூட்டு நீரில் துடைத்துக் காயவையுங்கள். மலம் இரண்டு மூன்று நாள் போகாவிட்டால் பதற வேண்டாம், உள்ளே போனதே கொஞ்சம்தான்.

மருந்து விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வலிக்குது போல என்று பனடோல், டைக்ளோபெனக், இபுபுரோபன், அஸ்பிரின் எதுவும் உங்கள் யோசனையில் கொடுக்கக்கூடாது. நாயின் ஈரலும் சிறுநீரகமும் வயிறும் இவற்றைத் தாங்காது. வலி இருந்தால் நாய்க்கென்று உள்ள மருந்தை வைத்தியர் தருவார். ஸ்டீரொய்ட் ஊசி போட்டால் வீக்கம் வத்திவிடும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். 2004-ல் மனிதர்களில் 10,000 பேருக்கு மேல் வைத்துச் செய்த பெரிய ஆய்வில், தலைக் காயத்துக்கு ஸ்டீரொய்ட் போட்டவர்களில் இறப்புக் கூடியிருந்தது. அதன்பிறகு நாய்க்கும் அதைப் போடக்கூடாது என்றே சொல்கிறார்கள். காயத்தில் கோப்பித்தூள், சுண்ணாம்பு, புகையிலை அப்புவதும் வேண்டாம். மண்டையில் எங்காவது மெத்தென்று அமுங்கினால் கையே வைக்காதீர்கள்.

வலிப்பு வரலாம். இப்போதும் வரலாம், மாதங்கள் கழித்தும் வரலாம், ஆனால் பெரும்பாலான நாய்களுக்கு வருவதில்லை. வந்தால் வாய்க்குள் கையோ கரண்டியோ விடாதீர்கள், நாய் நாக்கை விழுங்காது. பக்கத்தில் இடிக்கிற சாமான்களை நகர்த்தி, விளக்கை அணைத்து, நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, அடுத்தடுத்து வந்தாலோ உடனே வைத்தியரிடம் போக வேண்டும். வலிப்பை அடக்கும் பீனோபாபிற்றோன் போன்ற மாத்திரை தொடங்கினால் "இப்போது நல்லாத்தானே இருக்கு" என்று திடீரென்று நிறுத்தக்கூடாது. தீபாவளி வெடியும் கோயில் திருவிழாத் தப்பும் இந்த வருடம் மணிக்குத் தூரமாக இருக்கட்டும்.

கண்ணூசலும் தலைச்சாய்வும் பெரும்பாலும் காதுக்குள்ளும் பின்மூளையிலும் உள்ள சமநிலை உறுப்புகள் குழம்பியதால் வருவது. பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் ஊசலாட்டம் நாட்களில் குறைவதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தலைச்சாய்வு வாரக்கணக்கில் இருக்கும், கொஞ்சம் மிச்சமாய் நின்றும் விடலாம். அதோடு நாய் சந்தோஷமாக வாழும். கண் தெரியாத மாதிரி இருந்தாலும் அது கண்ணின் பழுதாக இல்லாமல் மூளையின் வீக்கமாக இருக்கலாம், அப்படியானால் திரும்ப வர இடமுண்டு. அதுவரை சாமான்களை இடம் மாற்றாதீர்கள், தொடுவதற்கு முன் குரல் கொடுங்கள். பதறிக் கடித்தால் அது மணியின் குணம் இல்லை, காயத்தின் குணம். சின்னப் பிள்ளைகளை மட்டும் தனியே விடாதீர்கள்.

கைகால் பயிற்சியை நாளைக்கே தொடங்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள், எலும்பு முறிவு இல்லையென்றால் பெரும்பாலும் ஆம் என்பார். ஒவ்வொரு காலையும் மெதுவாக மடக்கி நீட்டுவது, 10 முதல் 15 தடவை, நாளுக்கு மூன்று வேளை. விரல் இடுக்கில் லேசாகக் கிள்ளி, கால் இழுக்கிறதா என்று பாருங்கள். தலையைத் தூக்கி வைக்கத் தொடங்கியதும் வயிற்றுக்குக் கீழே துவாயைக் கொடுத்துத் தூக்கி, நாலு காலும் தரையில் படும்படி இரண்டு மூன்று நிமிடம் நிறுத்துங்கள். நடை பழக்க லயத்துப் படிக்கட்டும் சரிவும் ஆகாது. பிள்ளைகள் பந்து விளையாடுகிற சமதரைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் மறுபக்கம் சாப்பாட்டைக் காட்டித் திருப்புங்கள்.

டிக்கோயாப் பக்கம் ஓர் அக்காவின் கறுத்த நாய் ஒன்றை மறக்க முடியாது. மண்சரிவில் உருண்ட கல் தலையில் பட்டு, ஒன்பது நாள் கட்டை மாதிரிக் கிடந்தது. பத்தாம் நாள் நான் போயிருந்தபோது அந்த அக்கா படங்கில் அதைப் புரட்டிக்கொண்டிருந்தார். தூரத்தில் சூன் பாண் வண்டியின் மெட்டுக் கேட்டது. நாயின் வலது காது, அந்தக் காது மட்டும், ரோட்டுப் பக்கம் மெதுவாகத் திரும்பியது. தினமும் பாண் துண்டு தின்ற நாய் அது. வண்டி கிட்ட வரவர வாலின் நுனி படங்குக்குக் கீழே தட் தட் என்று இரண்டு தடவை தட்டியது. அக்கா கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நிற்க மூன்று வாரம், விழாமல் நடக்க இரண்டு மாதம். கடைசிவரை கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்துதான் ஓடும். பொதுவாகத் தேறுகிற நாய் முதல் சில வாரத்தில் வேகமாகத் தேறும், பிறகு மெதுவாக ஆறு மாதம் வரைகூட மாற்றம் வரும்.

எல்லா நாயும் அப்படி வராது, அதையும் சொல்லத்தான் வேண்டும். நாட்கள் போகப்போகப் புள்ளி இறங்கினால், கண்மணி இரண்டும் அசையாமல் நின்றால், மருந்துக்கும் வலிப்பு அடங்காவிட்டால், வலியை அடக்க முடியாவிட்டால், ஊசி போட்டு வழியனுப்புவது துரோகம் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு உங்களுக்கும் வைத்தியருக்கும் நடுவில், கொப்பியைப் பிரித்து வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். நடைபாதையில் நின்று எட்டிப் பார்ப்பவர்கள் சொல்வதை வைத்து இல்லை.

இதே நிலைமை வேறு யாருக்காவது நாளை வந்தால் உதவும் என்று ஒன்று: அடிபட்ட நாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள், கழுத்தெலும்பும் முறிந்திருக்கலாம். ஒரு பலகையிலோ இறுக்கிப் பிடித்த படங்கிலோ தட்டையாக ஏற்றுங்கள். அடிபட்டதை யாரும் பார்க்காமல், நாய் மட்டும் தள்ளாடிக்கொண்டு எச்சில் வடித்தால், அது விசர் நோயாகவும் இருக்கலாம், வாய்ப்பக்கம் கையே போகக் கூடாது. எந்த நாய் கடித்தாலும் கீறினாலும் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தங்கச்சி, மணியைத் தூக்கும்போது உங்கள் கையில் பல் பட்டிருந்தால் இது உங்களுக்கும்தான்.

இன்றிரவு படுக்கைப் பலகையின் தலைப்பக்கத்தை உயர்த்துங்கள், டோர்ச்சும் கொப்பியும் பக்கத்தில் இருக்கட்டும். மூன்று நாள் எழுதியதை எனக்கு அனுப்புங்கள், வைத்தியரிடம் அடுத்து என்னென்ன கேட்பது என்று சேர்ந்து பார்ப்போம்.